ரத்தத்தில் ஊறாத வியாபாரம்

எங்கள் பக்கத்து வார இறுதிக் கூடல்களில் அரசியல், பிள்ளைகளின் மதிப்பெண், கிரீன் கார்டு வரிசை எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் மோட்டல் பேச்சை எடுப்பார். அமெரிக்க நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் இறங்கினாலும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு குஜராத்திப் பட்டேல் நிற்கிறாரே, அது எப்படி? பதிலும் கையோடு வந்துவிடும். "வியாபாரம் அவங்க ரத்தத்துலயே ஊறினது சார். நமக்கு அது வராது." எல்லோரும் தலையாட்டுவார்கள். தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் சாதம் விழும். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

எனக்கு இந்த ரத்தக் கதையில் நம்பிக்கை இல்லை. முதலில் அளவைப் பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம், சுருக்கமாக ஆஹோவா, தன் உறுப்பினர்கள் சுமார் 20,000 பேர் என்றும், நாட்டின் ஹோட்டல்களில் ஏறக்குறைய 60 விழுக்காடு அவர்கள் கையில் இருக்கிறது என்றும் சொல்கிறது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் குஜராத்திகள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் சூரத், நவசாரி, பார்டோலி பக்கத்துக் கிராமங்கள். அங்கே அவர்கள் செய்தது விவசாயம். கரும்பு, பருத்தி, நெல். கடை வைத்த பனியாக்கள் வேறு சாதி. ரத்தத்தில் ஏதாவது ஊறியிருந்தால் அது வாய்க்கால் தண்ணீராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு விவசாயி எப்படி அறை வாடகைக்கு விடும் ஆளானார்?

கதை 1942-ல் கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் தொடங்குகிறது. ஜப்பானோடு போர் மூண்டிருந்த நேரம். அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. கடை, பண்ணை, மீன்பிடிப் படகு, சின்னச் சின்னத் தங்கும் விடுதிகள் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டோ யாரிடமாவது ஒப்படைத்துவிட்டோ போனார்கள். அப்படி முகாமுக்குப் போக வேண்டியிருந்த ஒரு ஜப்பானிய அமெரிக்கரின் விடுதியை ஏற்று நடத்தியவர் காஞ்சிபாய் மஞ்சு தேசாய். முறையான ஆவணம் இல்லாமல் அமெரிக்காவுக்குள் வந்த குஜராத்தி. கூட வேலை செய்த இரண்டு குஜராத்திகளும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அவர் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய் கோல்ட்ஃபீல்ட் என்ற விடுதியை நடத்தினார். புதிதாக வந்து இறங்கும் குஜராத்திகளுக்கு அதுதான் முதல் படுக்கை. "நீ பட்டேலா இருந்தா, ஒரு ஹோட்டலைக் குத்தகைக்கு எடு" என்று அவர் சொன்னதாக இன்றும் அந்தச் சமூகத்தில் சொல்வார்கள்.

அவர் ஏன் நிலம் வாங்கவில்லை என்று கேட்கலாம். தெரிந்த தொழில் அதுதானே? வாங்க வழி இல்லை. கலிபோர்னியா 1913-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தது: குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. அது ஜப்பானியரைக் குறிவைத்துப் போட்ட சட்டம். ஆனால் 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. அதோடு இந்தியரும் அந்தச் சட்டத்தின் வாய்க்குள் போய்விட்டார்கள். நிலம் இல்லை, நகரத்து விடுதியைக் குத்தகைக்கு எடுக்கத் தடை இல்லை. அந்த விடுதியும் இன்னொரு சிறுபான்மையினரை நாடு விரட்டியதால் காலியானது. ஆஹோவாவின் பளபளப்பான மாநாட்டு மேடைகளில் தேசாயின் பெயர் வரும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத ஜப்பானிய உரிமையாளர் திரும்பி வந்து என்ன பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு யோசனை ஓடும்.

ஆனால் முன்னோடி ஒருவர் இருந்தால் மட்டும் ஒரு தொழில் ஒரு சமூகத்தின் கைக்கு வந்துவிடாது. 1946-ல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். நூறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பெரிய மாற்றம் 1965-ல் வந்த குடியேற்றச் சட்டம். அக்டோபர் 3 அன்று சுதந்திரதேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து அதிபர் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். தேச ஒதுக்கீட்டை எடுத்துவிட்டுக் குடும்ப உறவுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். ஏற்கெனவே இங்கே இருப்பவர்கள் ஐரோப்பியர்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள்தான் வருவார்கள், நாட்டின் நிறம் மாறாது என்பது அந்த முன்னுரிமைக்குப் பின்னால் இருந்த கணக்கு. கணக்கு தப்பியது. குடியுரிமை பெற்ற ஒருவர் கூடப் பிறந்தவர்களை அழைக்கலாம் என்ற பிரிவை யார் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதற்கு நெடுஞ்சாலை மோட்டல்கள் சாட்சி.

மற்ற இரண்டு மூன்று விஷயங்களும் ஒரே காலத்தில் கூடி வந்தன. 1956 சட்டப்படி போடப்பட்ட இன்டர்ஸ்டேட் சாலைகள் பழைய நெடுஞ்சாலைகளை ஓரம் கட்டின. அந்தப் பழைய சாலைகளில் மோட்டல் கட்டியிருந்த வெள்ளைக்காரத் தம்பதிகளுக்கு வயதாகிவிட்டது. அவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிலைத் தொடத் தயாராக இல்லை. 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து சாலைப் பயணமே குறைந்தது. மோட்டல் விலை சரிந்தது. 1972-ல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை உகாண்டாவிலிருந்து துரத்தியிருந்தார். அப்படித் துரத்தப்பட்ட குஜராத்திகளில் ஒரு பகுதியினர் கொஞ்சம் பணத்தோடும் நிறைய அவசரத்தோடும் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1970-களில் 40,000 டாலர் முதலீடு செய்து தொழில் நடத்தினால் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க ஒரு வழியும் சில ஆண்டுகள் திறந்திருந்தது. அந்தப் பணத்தில் முழு விலைக்கு எதையும் வாங்க முடியாது. ஆனால் ஓய்வுபெறக் காத்திருக்கும் கிழவரிடம் முன்பணமாகக் கொடுக்கலாம். மீதியை மாதத் தவணையாக அவரிடமே கட்டலாம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு ஒரு பிராஜெக்டுக்காக டென்னசியில் ஒரு சிற்றூரில் சில மாதங்கள் மோட்டலில் தங்க வேண்டியிருந்தது. கம்பெனி கொடுத்த படியில் நல்ல ஹோட்டல் கட்டுப்படியாகாது. எக்ஸிட்டில் இறங்கியதும் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு வாஃபிள் கடை, ஒரு மோட்டல், அவ்வளவுதான் ஊர். மோட்டல் அலுவலகக் கதவைத் திறந்தால் கடுகும் பெருங்காயமும் தாளிக்கும் வாசனை. மேசைக்குப் பின்னால் ஒரு கதவு, அதற்குள் அவர்கள் வீடு. ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தாலும் அங்கிள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருவார். ஆன்ட்டி படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருப்பார். கல்லூரிக்குப் போகும் பையன் சனி ஞாயிறுகளில் வந்து ஏசி சரி பண்ணுவான், குளியலறைக் குழாய் மாற்றுவான்.

ஒரு மழை நாளில் டீ கொடுத்தபடி அங்கிள் தன் கதையைச் சொன்னார். ஆங்கிலமும் இந்தியும் கலந்த பேச்சு. எனக்கு இந்தி அரைகுறை என்பதால் மெதுவாகவே சொன்னார். அண்ணன் மனு போட்டு அழைத்திருக்கிறார். வந்ததும் ஜார்ஜியாவில் அண்ணனுடைய மோட்டலில் ஒரு அறை. காலையில் அறை சுத்தம் செய்வது, மாலையில் மேசை, ராத்திரி கணக்கு.

"சம்பளம் எவ்வளவு குடுத்தார் அங்கிள்?"

"சம்பளமா? சாப்பாடு, படுக்கை, தொழில் மூணும் குடுத்தார் பேட்டா. இதுக்கு மேல என்ன?"

இரண்டு வருடம் கழித்து இந்த மோட்டல் விலைக்கு வந்தது. முன்பணம் அண்ணனும் இன்னும் ஐந்து உறவுக்காரர்களும் கொடுத்த கைமாற்று. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஒரு பழைய டைரியில் பெயரும் தொகையும் எழுதியிருந்தார். கையெழுத்து எதுவும் காணோமே என்று கேட்டேன். சிரித்தார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு அந்த ஆறு பேரும் வந்து நிக்கணும். கையெழுத்து எதுக்கு?"

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கண் கலங்கும். என்ன ஒரு ஒற்றுமை என்பார்கள். எனக்கு அதில் ஒரு வங்கியின் கறார் தெரிந்தது. வீட்டைப் பிணையாக வைக்கும் இடத்தில் இவர்கள் பெயரைப் பிணையாக வைக்கிறார்கள். பணத்தை ஏமாற்றினால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது, ஊரில் அப்பாவால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கடனை அடைத்த பிறகு வேறொரு வேலையும் உண்டு: அடுத்து வரும் சித்தப்பா பையனுக்கு நாம் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. சம்பளமில்லாத அந்த இரண்டு வருடமும் கணக்கில் வராத முதலீடு. அதைப் போட்டவர்களில் பெண்கள் அதிகம். டைரியில் ஆன்ட்டியின் பெயர் இல்லை. ஆனால் அந்த மோட்டலில் கூலிக்கு ஆள் வைத்திருந்தால் முதல் வருடத்திலேயே பூட்டியிருப்பார்கள்.

வீட்டு வாடகை மிச்சம், ஆள் கூலி மிச்சம், வட்டி மிச்சம். இந்த மூன்றையும் கழித்த பிறகு ஒரு நலிந்த மோட்டல் லாபம் காட்டும். பக்கத்தில் மோட்டல் வைத்திருந்த உள்ளூர்க்காரருக்கு இந்த மூன்றும் செலவு. அவர் விலையைக் குறைத்துப் போட்டி போட முடியாது. அவர் வேறொன்று செய்தார்: வாசலில் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை மாட்டினார். 1980-களில் தென் மாநிலங்களில் அந்தப் பலகைகள் சகஜம். காப்பீட்டு நிறுவனங்களும் இந்தியர் மோட்டல்களுக்குக் காப்பீடு தர மறுத்தன; பணத்துக்காகத் தாங்களே தீ வைத்துக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம். காப்பீடு இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காது. 1985-ல் டென்னசியில் இருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு காப்பீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1989-ல் அட்லாண்டாவில் ஆஹோவா பிறந்தது. ஆக, அந்தச் சங்கத்துக்குப் பின்னால் இருப்பதும் குஜராத்திப் பாசத்தைவிட அதிகமாக, ஒரு பாலிசி மறுப்புக் கடிதம்தான்.

பட்டேல்கள் விதிவிலக்கோ என்று தோன்றினால் மற்றவர்களைப் பாருங்கள்.

சீனர்கள் என்றாலே சலவைக்கடை என்று அமெரிக்கா ஒரு நூற்றாண்டு நினைத்துக்கொண்டிருந்தது. குவாங்டாங் கிராமங்களில் துணி துவைப்பது பெண்கள் வேலை. தங்கம் தேடி வந்த ஆண்களுக்கு அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி போட்டு விரட்டினார்கள். ரயில் பாதை போட்டு முடிந்ததும் அந்த வேலையும் போனது. வெள்ளைக்கார ஆண்கள் தொடாத, பெண்கள் குறைவாக இருந்த மேற்குப் பகுதியில் செய்ய ஆளில்லாத வேலையாக மிஞ்சியது துணி வெளுப்பு. அதையாவது விட்டார்களா? 1880-ல் சான்பிரான்சிஸ்கோ நகர சபை, மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வேண்டும் என்று விதி போட்டது. ஊரில் இருந்த 320 கடைகளில் 310 மரக் கட்டடங்கள். அனுமதி கேட்ட சுமார் இருநூறு சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்களில் ஏறக்குறைய எண்பது பேருக்குக் கிடைத்தது. 22 ஆண்டுகளாகக் கடை நடத்திவந்த லீ யிக் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார், உச்ச நீதிமன்றம் வரை போய் 1886-ல் ஜெயித்தார். எழுத்தில் நடுநிலையாக இருக்கும் சட்டத்தை ஓரவஞ்சனையாக அமல்படுத்தினால் அதுவும் செல்லாது என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். வழக்கின் பெயரில் இருப்பது அவர் பெயர் அல்ல, கடையின் பெயர்: யிக் வோ. அதிகாரிகளுக்கு ஆள் யார், கடை எது என்று பிரித்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை.

சீன உணவகங்கள் ஏன் இத்தனை என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 1882-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் சீனத் தொழிலாளர்களை உள்ளே விடாது, வணிகர்களை விடும். 1915-ல் ஒரு நீதிமன்றம் உணவக உரிமையாளரும் வணிகரே என்று ஒப்புக்கொண்டது. உடனே பத்துப் பதினைந்து பேர் பங்கு போட்டுப் பெரிய உணவகங்களைத் திறந்து, முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச காலம் முதலாளியாக இருந்தார்கள். அந்த முறையில் ஒவ்வொருவரும் ஊருக்குப் போய்க் குடும்பத்தையோ உறவையோ அழைத்துவர முடிந்தது. அந்தக் கூட்டு வியாபாரத்தில் நூடுல்ஸ் விற்றது உண்மை, விசாவும் விற்றது.

கலிபோர்னியாவில் டோனட் கடைகள் கம்போடியர்கள் கையில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். கம்போடியாவில் யார் டோனட் தின்றார்கள்? 1975-ல் க்மேர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நாட்டைப் பிடித்தபோது தப்பி வந்த டெட் நோய் என்பவர் ஒரு டோனட் நிறுவனத்தில் பயிற்சி பெற்று, 1977-ல் சொந்தமாகக் கடை வாங்கினார். அப்புறம் கடை மேல் கடை. அகதிக் குடும்பங்களுக்குப் பொறுப்பேற்று அழைத்துவந்து, வேலை கற்றுக்கொடுத்து, கடைகளைக் குத்தகைக்கு விட்டார். கொஞ்சம் மாவு, எண்ணெய், விடியற்காலை இரண்டு மணிக்கு எழும் உடம்பு, பேச அதிகம் ஆங்கிலம் தேவையில்லாத வாடிக்கையாளர். இது போதும். டோனட்டைச் சுற்றிக் கொடுக்கும் ரோஸ் நிறப் பெட்டி அங்கே பிரபலமானதற்குக் காரணம் வெள்ளைப் பெட்டியைவிடச் சில காசு மலிவு என்பதுதான் என்கிறார்கள். அந்த மனிதர் பிறகு லாஸ் வேகாஸ் சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்தார். கடைகள் மட்டும் அவர் கற்றுக்கொடுத்தவர்களிடம் நின்றுவிட்டன.

கொரியர்களிடம் வந்தால் கதையின் நிறம் கறுக்கிறது. 1965-க்குப் பிறகு வந்த கொரியர்களில் நிறையப் பேர் பட்டதாரிகள். ஆங்கிலம் தடுமாறியதாலும் பட்டங்களுக்கு மதிப்பில்லாததாலும் கடைக்கு வந்தவர்கள். லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பர் வட்டாரங்களுக்கு அவர்களை அழைத்துப்போன பாதைகளில் ஒன்று, நம்ப மாட்டீர்கள், சவுரி முடி. 1960-களின் நடுவில் அமெரிக்கா கம்யூனிஸ்ட் சீனாவிலிருந்து வரும் முடிக்குத் தடை போட்டது. அந்தச் சந்தை தென்கொரியாவுக்குப் போனது. கொரிய இறக்குமதியாளர், கொரியச் சில்லறைக் கடைக்காரர், கறுப்பினப் பெண் வாடிக்கையாளர் என்று சங்கிலி அமைந்தது. அதே வட்டாரங்களில் 1965 வாட்ஸ் கலவரத்துக்குப் பிறகு யூதக் கடைக்காரர்கள் விற்றுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். சூப்பர் மார்க்கெட்டுகள் எப்போதோ போய்விட்டன. காலியான மளிகைக் கடைகளும் மதுக்கடைகளும் மலிவாகக் கிடைத்தன. 'கே' என்று அவர்கள் சொல்லும் சுழற்சிச் சீட்டில் பணம் திரட்டி வாங்கினார்கள்.

அந்த வட்டாரத்துக் கறுப்பர்கள் ஏன் அந்தக் கடைகளை வாங்கவில்லை? 1930-களிலிருந்தே அவர்கள் தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று ஒதுக்கிவைத்தவர்கள் அரசும் வங்கிகளும். சேர்த்துவைக்க வீடு இல்லாத இடத்தில் கைமாற்றுக் கொடுக்க உறவிடம் என்ன இருக்கும்? கொரியரின் சீட்டைப் புகழ்பவர்கள், நானும்தான், இதை மறந்துவிடுகிறோம்.

1991 மார்ச் 16 அன்று லடாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒரு கொரியக் கடையில் 1.79 டாலர் ஆரஞ்சுச் சாறு பாட்டிலை எடுத்தாள். திருடுகிறாள் என்று கடைக்காரப் பெண்மணி சண்டை போட்டார். சிறுமி பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தபோது பின்தலையில் சுட்டார். அவள் கையில் இரண்டு டாலர் இருந்தது. ஜூரி குற்றவாளி என்றது. நீதிபதி சிறைத்தண்டனை தரவில்லை. நன்னடத்தைக் காவல், சமூக சேவை, 500 டாலர் அபராதம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பினரை அடித்த போலீஸ்காரர்களை இன்னொரு ஜூரி விடுவித்தது. ஊர் பற்றி எரிந்தது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொரியக் கடைகள் சேதமாயின. போலீஸ் வரவில்லை. கடைக்காரர்கள் கூரை மேல் துப்பாக்கியோடு நின்ற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் கடை போட்டு உட்காரும் சிறுபான்மையினரைப் பற்றி 1973-ல் எட்னா போனாசிச் என்ற சமூகவியலாளர் ஒரு கோட்பாடே எழுதினார். கோபம் மேலே போக முடியாதபோது நடுவில் இருப்பவர் மீது விழும். தமிழர்களுக்கு இது தெரியாத பாடமும் இல்லை. கீழ் பர்மாவில் பிரிட்டிஷ் வங்கிகளுக்கும் நெல் விவசாயிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்த நகரத்தார்கள், 1930-களின் மந்தத்தில் அடமானம் மூழ்கி விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்த நிலமும் நிற்கவில்லை, அந்த ஊரும் நிற்கவில்லை.

சரி, நம் கதைக்கு வருவோம். "நமக்கு அது வராது" என்று சாம்பார் சாதத்தோடு சொன்னாரே, அவர் கணினி வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கன்சல்டன்சி நடத்துகிறார்! ஊரிலிருந்து பையன்களை எடுக்கிறார், தெரிந்தவர் சிபாரிசு. கெஸ்ட் ஹவுஸில் தங்கவைக்கிறார். பிராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்ச். கிளையண்ட் தரும் மணிக்கூலியில் நடுவில் இரண்டு மூன்று வெண்டர்கள் கைவைத்த பிறகு மிச்சம் பையனுக்கு. நானும் அப்படி ஒரு கெஸ்ட் ஹவுஸில் இருந்தவன்தான். ஒரே குக்கர், ஆறு ஆண்கள், அதில் மூன்று பேர் பெஞ்சில். பெஞ்சில் இருந்த மாதங்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. முதலாளிக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். டென்னசி அங்கிளின் அண்ணன் செய்ததற்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது: அவர் இரண்டு வருடம் கழித்து முன்பணம் கொடுத்தார்.

'கணினி நம்மாட்களுக்கு ரத்தத்தில் ஊறியது' என்றும் அதே கூடலில் பேச்சு வரும். 1980-களின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். 1990-ல் அமெரிக்கா வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்1பி வேலை விசாவைக் கொண்டுவந்தது. 2000-ஆம் ஆண்டுக் கோளாறை ஒட்டிப் பழைய நிரல்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. இந்த மூன்றும் கூடிவந்த இடத்தில் நாம் நின்றுகொண்டிருந்தோம். இன்றும் ஆண்டுக்கு 85,000 புது எச்1பி. அனுமதி பெறுபவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இந்தியர்கள். ஒரு இனம், ஒரு தொழில். மோட்டலுக்கு வாசலில் பலகை இருக்கிறது, நமக்கு இல்லை. சட்டம் தலைகீழானால் இதுவும் ஆட்டம் காணும். 2025 செப்டம்பரில் புதிய எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அதிபர் ஆணை வந்த வாரம் எங்கள் வாட்ஸப் குழுக்களைப் பார்த்திருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து திரும்பி ஓடிவந்தவர்களும் உண்டு.

எங்கள் ஊரில் இப்போது முளைத்துக்கொண்டிருக்கும் தொழில் வேறு. எச்1பிகாரரின் மனைவிக்கு எச்4. 2015 வரை எச்4-ல் யாரும் வேலை செய்ய முடியாது. அதன் பிறகு கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மட்டும் முடியும். எம்.இ. படித்த பெண் வருடக்கணக்கில் வீட்டில். இட்லி மாவு அங்கேதான் தொடங்கியது. முதலில் தோழிகளுக்கு, பிறகு குழுவில் அறிவிப்பு, அப்புறம் வெள்ளிக்கிழமை வாசலில் கார் வரிசை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு வேலை அனுமதி வந்ததும் இதை முறையாகச் செய்ய ஆசை. வேலை தேடிப் பார்த்தார். ஒன்பது வருட இடைவெளியைப் பார்த்ததும் எல்லோரும் நல்லபடியாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். விசாரித்தபோது தெரிந்தது, பெரும்பாலான மாநிலங்களைப் போலவே இங்கேயும் வீட்டுத் தயாரிப்புச் சட்டம் ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத பொருளுக்குத்தான். இட்லிப் பொடி விற்கலாம். இட்லி மாவு விற்க முடியாது.

அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு வணிகச் சமையலறையைப் பிடித்தார்கள். ஞாயிறு ராத்திரி நேரம்தான் மலிவு. சோதனைக்கு வந்த சுகாதார அதிகாரிக்கு எல்லாம் திருப்தி, ஒன்றைத் தவிர: அரைத்த மாவை ஏன் ராத்திரி முழுக்க வெளியே வைக்கிறீர்கள்? அவருடைய விதிப்படி அது ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். புளிக்காத மாவில் இட்லி எப்படி வரும் என்று இந்த நான்கு பேரும் அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். கடைசியில் ஒவ்வொரு பாத்திரத்திலும் புளிப்பை மீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. படித்தவருக்கு அது ஒரு பிரச்சினையா?

பிரச்சினை கிரைண்டர். வீட்டு மேசைக் கிரைண்டரில் இவ்வளவு அரைக்க முடியாது. கோயம்புத்தூரில் பெரிய டில்டிங் கிரைண்டர் சொல்லியிருக்கிறார்கள். மோட்டாரை இந்த ஊர் மின்சாரத்துக்கு மாற்றித்தர வேண்டும், கப்பல் கூலி தனி. வங்கியில் கடன் கேட்டதற்கு இரண்டு வருட வரிக் கணக்கு கேட்டார்கள், தொழிலே இப்போதுதான் தொடங்குகிறது. அதனால் போன மாதம் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போட்டிருக்கிறோம். ஏலம் கிடையாது, ஆளுக்கு மாதம் முந்நூறு டாலர். முதல் சீட்டு கிரைண்டருக்கு என்று பேசி முடிவாகிவிட்டது. "நமக்கு அது வராது" சாரும் ஒரு பங்கு எடுத்திருக்கிறார்.